பாலிசி போட்டாச்சு, மெஷினுக்கு வரவில்லை: ஃபோர்ஸா, ரிமோட்டா, காத்திருப்பா?

பென் டிரைவைத் தடுக்கப் புதிதாக ஒரு க்ரூப் பாலிசி (விண்டோஸ் மெஷின்களுக்கு மொத்தமாகப் போடும் விதி) எழுதி, கிளை அலுவலகத்தின் ஓயூவில் (மெஷின்களைத் தொகுத்து வைக்கும் பிரிவு) இணைத்தேன். மணி மதியம் பன்னிரண்டு. இரண்டு மணிக்குக் கிளையிலிருந்து போன்.

"சார், இங்க பென் டிரைவ் இன்னும் ஓடுதே?"

"ஜிபிஅப்டேட் அடிச்சீங்களா?"

"/ஃபோர்ஸ் போட்டு மூணு தடவை அடிச்சாச்சு சார். நல்லபடியா முடிஞ்சதுன்னுதான் வருது."

ஜிபிஅப்டேட் என்பது பாலிசியை சர்வரிடம் உடனே கேட்டு வாங்கும் கட்டளை. நல்லபடியாகத்தான் முடிந்திருக்கும். பழையதையே மூன்று தடவை நல்லபடியாக வாங்கியிருக்கும். நான் எழுதியது தலைமை அலுவலகத்தில் இருக்கும் பிடிசி எமுலேட்டர் என்ற முதன்மை சர்வரில். அவர் மெஷின் போய்க் கேட்டது கிளையின் டொமைன் கண்ட்ரோலரிடம் (கணக்குகளையும் பாலிசிகளையும் வைத்திருக்கும் சர்வர்). இரண்டு சைட்டுக்கு (இடத்துக்கு) நடுவே ஆக்டிவ் டைரக்டரி ரெப்ளிகேஷன், அதாவது இந்த சர்வர்கள் மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும் இடைவெளி, யாரும் கை வைக்காவிட்டால், 180 நிமிடம். செய்தியே வந்து சேராத தபால் ஆபீஸில் போய்க் கத்தி என்ன பயன்?

சும்மா காத்திருந்தால் என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் போடுவோம். மெஷின்கள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பாலிசி கேட்கும். எல்லாம் ஒரே நேரத்தில் சர்வரை மொய்க்காமல் இருக்க 0 முதல் 30 நிமிடம் வரை கூடுதலாகத் தள்ளிப்போகும். ஆக ஒரே சைட்டுக்குள் அதிகபட்சம் இரண்டு மணி நேரம். கிளை என்றால் மேலே சொன்ன மூன்று மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாத வால்பேப்பர் மாற்றத்துக்கெல்லாம் இதுவே போதும் என்பது என் கட்சி.

/ஃபோர்ஸுக்கு நம் ஆட்கள் மத்தியில் இருக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம். வெறும் ஜிபிஅப்டேட், மாறியதை மட்டும் எடுக்கும்; ஃபோர்ஸ் போட்டால் மாறாததையும் சேர்த்து மறுபடி போடும். அவ்வளவுதான் வித்தியாசம். புதுப் பாலிசிக்கு வெறும் ஜிபிஅப்டேட்டே போதும். யாராவது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) கை வைத்துக் கெடுத்திருந்தால் மட்டும் ஃபோர்ஸ் தேவை. ஏனென்றால் சர்வரில் எதுவும் மாறாததால் சாதாரணக் கட்டளை அதைத் தாண்டிப் போய்விடும்.

நாற்பது மெஷினுக்கு நாற்பது தடவை எழுந்து நடப்பதற்கு, ரிமோட் வழி எவ்வளவோ மேல். சர்வர் 2012-இலிருந்து க்ரூப் பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோலிலேயே ஓயூ மேல் ரைட் கிளிக் செய்து அப்டேட் கொடுக்கலாம். அது ஒவ்வொரு மெஷினிலும் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க்கை வைத்துவிட்டு வரும்; பத்து நிமிடத்துக்குள் எப்போதாவது ஓடும். உடனே வேண்டுமென்றால் பவர்ஷெல்லில் இன்வோக்-ஜிபிஅப்டேட் என்ற கட்டளை, ரேண்டம் டிலே பூஜ்யம். இரண்டு தொல்லை உண்டு. மெஷினின் ஃபயர்வாலில் ரிமோட் டாஸ்க்குக்கும் டபிள்யூஎம்ஐக்கும் (மெஷினைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வசதி) முன்பே வழி விட்டிருக்க வேண்டும். அடுத்தது, வேலை செய்துகொண்டிருப்பவர் திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறையும். முதல் தடவை நான் தள்ளியபோது அக்கவுண்ட்ஸ் பக்கமிருந்து "வைரஸா சார்?" என்று வரிசையாக போன் வந்தது.

ரெஃப்ரெஷ் இடைவெளியையே குறைத்துவிடலாமே என்பவர்களுக்கு: அதில் பூஜ்யம் என்று போட்டால் 7 விநாடிக்கு ஒருமுறை கேட்கும். கேட்பதுதான் கூடும், சைட் தாண்டி வரவேண்டியது அதே நிதானத்தில்தான் வரும். இந்த வழியை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சாஃப்ட்வேர் இன்ஸ்டாலேஷன், ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் (யூசர் ஃபோல்டர்களை சர்வருக்கு மாற்றுவது) இரண்டும் தனி ஜாதி. ஸ்டார்ட்டப்பிலோ லாகானிலோதான் இறங்கும். விண்டோஸ் சீக்கிரம் லாகான் காட்டுவதற்காக நெட்வொர்க்குக்குக் காத்திராமல் ஓடுவதால், இரண்டு மூன்று லாகான் கூட ஆகலாம். இங்கே 'நெட்வொர்க்குக்காக எப்போதும் காத்திரு' என்ற பாலிசிதான் மருந்து. லாகான் மெதுவாகும், திட்டு விழும். அதனால் சாஃப்ட்வேர் இறக்கும் மெஷின்களுக்கு மட்டும் போடுகிறேன்.

தாமதம் போலவே வேஷம் போடும் கோளாறும் உண்டு. 2016 ஜூன் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, யூசர் பாலிசியையும் மெஷினின் கணக்கை வைத்துத்தான் படிக்கிறது. செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் (பாலிசி யாருக்கு என்று குறிக்கும் இடம்) ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற பொதுக் குழுவைத் தூக்கிவிட்டு, மெஷின்களுக்குப் படிக்கும் அனுமதி தராமல் விட்டால் விடிய விடியக் காத்திருந்தாலும் வராது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்புவதற்கு முன், அந்த மெஷினில் ஜிபிரிசல்ட் /ஆர் ஓட்டுங்கள். பாலிசி எந்த டொமைன் கண்ட்ரோலரிலிருந்து வந்தது, கடைசியாக எப்போது வந்தது, எது ஃபில்டரில் தள்ளப்பட்டது என்று மூன்றும் அதிலேயே இருக்கும்.

அன்றைக்குக் கிளை நண்பரை அதைத்தான் வாசிக்கச் சொன்னேன். கண்ட்ரோலர் பெயரைச் சொன்னதும் விஷயம் புரிந்துவிட்டது. பிடிசியில், சர்வர்களை உடனே பரிமாறிக்கொள்ள வைக்கும் ரெப்அட்மின் /சிங்க்ஆல் ஓட்டினேன், பெரிய 'ஏ', சின்ன 'இ', பெரிய 'பி' சேர்த்து. 'ஏ' எல்லாப் பகுதிகளுக்கும், 'இ' சைட் தாண்டவும்; 'பி' இல்லாவிட்டால் தள்ளாது, இழுக்கும். இரண்டு நிமிடம் கழித்து, ஃபோர்ஸ் இல்லாமல் அடிக்கச் சொன்னேன்.

"ஃபோர்ஸ் வேணாமா சார்?"

"வேணாம். அடிச்சிட்டுப் பென் டிரைவைக் கழட்டி மறுபடி செருகுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அக்சஸ் டினைடுங்குது சார்."