நிலாவெளியா, உப்புவெளியா, நகரமா: திருகோணமலையில் எங்கே தங்குவது?

திருகோணமலைக்கு வரத் திட்டமிடுகிறவர்கள், கொழும்பிலிருந்து வந்தாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும், தமிழ்நாட்டிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்தாலும், இங்குள்ள உறவினரிடம் முதலில் கேட்பது எந்தக் கடற்கரையில் அறை எடுப்பது என்பதைத்தான். வழக்கமாகக் கிடைக்கும் பதில் நிலாவெளி. மணல் வெள்ளை, தண்ணீர் தெளிவு, எதிரே புறாத்தீவு என்று காரணங்கள் அடுக்கப்படும். அவை அத்தனையும் உண்மையே. ஆனால் கடலோடு சாப்பாட்டையும் பயணத்தின் சரிபாதியாகக் கருதுகிறவர்களுக்கு அந்தப் பதில் போதாது என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் கரையோரத்தில் வடக்கே போகப் போகக் கடல் அழகாகிறது. தெற்கே நகரத்தை நெருங்க நெருங்கச் சாப்பாடு சிறக்கிறது. எனவே தங்குமிடத்தைக் கடலின் நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காமல், காலையில் எழுந்ததும் எங்கே சாப்பிடப்போகிறோம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

போட்டியில் இருப்பவை மூன்று இடங்கள். கோட்டையையும் கோணேசர் கோயிலையும் துறைமுகத்தையும் தன்னுள் கொண்ட நகரம் ஒன்று. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவில், அலஸ்தோட்டத்தை ஒட்டிய உப்புவெளி இன்னொன்று. சாம்பல்தீவுப் பாலத்தைக் கடந்து, நகரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலாவெளி மூன்றாவது. மூன்றையும் ஒரே வீதி இணைக்கிறது. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகும் பஸ்கள் நகரப் பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டு அந்த வீதியாலேயே செல்கின்றன. முதலில் நான் சொல்லப்போவது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையிலான காலத்துக்குப் பொருந்தும். மாரிகாலத்துக் கணக்கு வேறு, அதைப் பின்னர் பார்க்கலாம்.

நிலாவெளிக்குரிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும். நீண்டு அகன்ற அந்தக் கரையில் பகல் நேரத்திலும் நெரிசலை உணராமல் நடக்க முடியும். பருவகாலத்தில் அலைகள் அடங்கியிருப்பதால் சிறுவர்களை இடுப்பளவு நீரில் விட்டுவிட்டு அருகில் நிற்கலாம். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில், மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் பெயர் பெற்ற புறாத்தீவு இருக்கிறது. பெரிதும் சிறிதுமாக இரண்டு பாறைத் தீவுகளைக் கொண்ட இப்பகுதி 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பவளப் பாறைகள் கரைக்கு மிக அருகிலேயே தொடங்கிவிடுவதால், கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து முகத்தை நீருக்குள் தாழ்த்தினாலே, வேறிடங்களில் ஆழக் கடலுக்குள் இறங்கினால்தான் கிடைக்கும் காட்சி இங்கே கிடைத்துவிடுகிறது. செட்டையின் நுனி கறுத்த சிறு சுறாக்கள் இங்கே திரிகின்றன. அவற்றைச் சீண்டாத வரையில் அவை மனிதரை நெருங்குவதில்லை. நீந்தத் தெரியாதவர்கள் மிதவை அங்கியைக் கழற்றக் கூடாது என்பதையும், பவளத்தின் மீது ஒருபோதும் கால் வைக்கக் கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உருண்டையாக வளரும் பவள வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரக்கூடியவை. ஒருவர் களைப்பாற நின்ற இடத்தில் ஒரு தலைமுறையின் வளர்ச்சி உடைந்துபோகலாம். கரையில் கிடக்கும் பவளத் துண்டுகளைக் கூட வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.

செலவைப் பற்றியும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வெளிநாட்டவருக்கு உள்நாட்டவரைவிடப் பல மடங்கு அதிகம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் அதே கட்டணம்தான். படகுக் கூலி ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் படகுக்கு இவ்வளவு என்று பேசப்படுவதால், இரண்டு பேராகப் போகிறவர்கள் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஏறினால் பாதிக்கு மேல் மிச்சப்படுத்தலாம். உப்புவெளியிலிருந்தும் படகு கிடைக்கும். தூரம் கூடுவதால் கூலியும் கூடும், அலையிலும் அதிக நேரம் இருக்க நேரிடும். நிலாவெளிக் கரைக்கு வந்து ஏறுவதே சரியானது.

இனிச் சாப்பாடு. நிலாவெளியின் பெரிய ஹோட்டல்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, பிரதான வீதியிலிருந்து உள்ளே கடலை நோக்கி அமைந்திருக்கின்றன. இரவில் ஹோட்டலை விட்டு வெளியே நடந்து, பிடித்த கடையைத் தேடிச் சாப்பிடும் வசதி அங்கே குறைவு. ஆகவே பெரும்பாலானவர்கள் மூன்று வேளையும் தங்கியிருக்கும் இடத்தின் பஃபே சாப்பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். எல்லா நாட்டவருக்கும் பொதுவாகச் சமைக்கப்படும் அந்த உணவில் குறை சொல்ல அதிகம் இருக்காது; ஆனால் தேங்காய்ப்பாலும் மிளகாயும் தணிக்கப்பட்ட மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, திருகோணமலை மீனைச் சாப்பிட்டோம் என்று ஒருவர் ஊர் திரும்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விடயம். வீதியோரத்துச் சிறு கடைகளில் நல்ல ரொட்டியும் கறியும் கிடைக்கும். அதற்காக வெயிலில் நடக்கச் சம்மதிக்கிறவர்களுக்கு நிலாவெளி ஓரளவு ஈடுகொடுக்கும்.

உப்புவெளி இதற்கு நேர்மாறான அமைப்பைக் கொண்டது. விடுதிகளும் உணவகங்களும் மணலிலேயே அடுத்தடுத்து நெருங்கியிருக்கின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செருப்பில்லாமல் நடந்துபோய், விலைப்பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உட்காரலாம். விரிகுடாவின் வளைவுக்குள் அடங்கிய கரை என்பதால் கடல் பெரும்பாலும் சாந்தமாகவே இருக்கும்; தண்ணீரின் தெளிவில் மட்டும் நிலாவெளிக்கு அடுத்தபடிதான். அந்தி சாய்ந்ததும் பாரை, விளைமீன், கணவாய், இறால், நண்டு ஆகியவற்றைப் பனிக்கட்டியின் மேல் பரப்பி வைத்திருப்பார்கள். நாம் கைகாட்டும் மீனைத் தணலில் வாட்டித் தருவார்கள். நிறுக்கும்போதே விலையைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வதும், மீனின் கண் தெளிந்தும் செவுள் சிவந்தும் இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியவை அல்ல. விடுமுறை மயக்கத்தில் அவர்கள்கூட அதைக் கேட்காமல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். சமையல்காரரிடம் தமிழில் சொல்லி, வெளிநாட்டவருக்கான பூண்டு வெண்ணெய்ப் பூச்சை விலக்கி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் தேசிக்காயும் பூசி வாட்டித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வேண்டுகோளில் சாப்பாட்டின் தரமே மாறிவிடுகிறது. இரவுச் சாப்பாட்டைப் பொறுத்தவரை மூன்று இடங்களிலும் உப்புவெளிக்கே என் வாக்கு.

உப்புவெளியில் இன்னும் ஓர் இடமுண்டு. நிலாவெளி வீதியிலேயே, இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்தவர்களுக்கான பொதுநலவாயக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கிய வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் அங்கே செலவிடலாம்.

நகரத்துக்கு வருவோம். குளிப்பதற்கான கடல் இங்கே இல்லை என்றே சொல்லிவிடலாம். டச்பே கடற்கரை மாலையில் காற்று வாங்குவதற்கும், குழந்தைகள் ஓடியாடுவதற்கும், வண்டிகளில் விற்கும் வடையும் அவித்த சோளனும் வாங்கிச் சாப்பிடுவதற்கும் உரியது. ஆனால் காலை ஆறரை மணிக்கு நகரத்துச் சைவக் கடையொன்றில் உட்கார்ந்தால் கிடைப்பதை மற்ற இரண்டு இடங்களாலும் தரமுடியாது. ஆவி அடங்காத இடியப்பம், பால் சொதி, தேங்காய்ப்பூச் சம்பல், ஒரு கரண்டி கிழங்குக் கறி, கூடவே மொறுமொறுப்பான உழுந்து வடை, அதன்பின் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீ. இடியப்பம் பிழிந்த சிறிது நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய பண்டம். ஒன்பது மணிக்கு மேல் அதே கடையில் அதே தட்டில் வருவது வேறொன்று. ஹோட்டல் பஃபேயில் மூடிவைத்த பாத்திரத்துக்குள் வியர்த்துக் கிடக்கும் இடியப்பத்தைப் பார்த்து இதுதான் இவ்வூர்ச் சாப்பாடு என்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எண்ணிக்கொள்ளக் கூடாது. புட்டு விரும்புகிறவர்களுக்கும் இதே நேரம்தான் உகந்தது.

மதியச் சோற்றிலும் நகரமே முன்னிற்கிறது. காலையில் கரைக்கு வந்த மீன் பதினொரு மணிக்குள் குழம்பாகிவிடுகிறது. அறுக்குளாப் பொரியலும், பாரைக் குழம்பும், பருப்பும், கீரையும், அப்பளமும் வைத்து, சோற்றையும் மரக்கறிகளையும் போதும் என்று சொல்லும் வரை போடும் கடைகள் சந்தையைச் சுற்றிலும் உள்ளன. முஸ்லிம் கடைகளில் மாலையானதும் பராட்டாவும் கொத்துரொட்டியும் தொடங்கிவிடும். மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து மண்சட்டியில் உறைந்து வரும் எருமைத் தயிர், பாணி ஊற்றிச் சாப்பிடும்போது வேறெந்த இனிப்பையும் தேடத் தோன்றாத ஒன்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர் என்பதால், நான்கு தெரு நடந்தாலே மூன்று வகைச் சமையலைச் சாப்பிட்டுவிட முடிகிறது. விலையும் கடற்கரை உணவகங்களின் விலையோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு.

இப்போது உண்மையான முரண்பாடு புலப்படும். புறாத்தீவுக்குப் போக உகந்த நேரமும் காலைதான். பிற்பகலில் காற்று எழுந்து நீர் கலங்குமுன், ஆட்கள் கூடுமுன் போய்விட வேண்டும். இடியப்பமும் பவளமும் ஒரே நேரத்துக்குப் போட்டியிடுகின்றன. ஒரு காலையில் இரண்டையும் அடைய முடியாது. இரண்டு இரவு தங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உப்புவெளியில் அறை எடுங்கள். ஒரு காலையில் ஓட்டோவில் நிலாவெளிக்குப் போய்ப் படகேறுங்கள். மறுநாள் காலையில் நகரத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குச் செல்லுங்கள். இரண்டு மாலைகளும் உப்புவெளி மணலுக்கே உரியவை. ஓர் இரவு மட்டுமே கிடைக்கிறவர்கள், அதிலும் கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வந்து விடியற்காலை இறங்குகிறவர்கள், நகரத்திலேயே தங்குவது மேல். நிலாவெளியில் தங்கும்படி நான் சொல்வது, தொடர்ந்து சில நாட்கள் கடலைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று வருகிறவர்களுக்கும், ஓடியாடும் சிறுபிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே.

கோயிலையும் மீனையும் எந்த ஒழுங்கில் வைப்பது என்பதும் நம் குடும்பங்களுக்கு முக்கியமான கேள்வி. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள்; இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அதன் வாசலால்தான் நாம் மலையேறுகிறோம். மச்சம் சாப்பிட்டுவிட்டு அங்கே போக நம்மவர்களில் பலர் மனம் ஒப்பமாட்டார்கள். எனவே கோயிலை, மரக்கறிக் காலை உணவுள்ள நகரத்துக் காலையோடு இணைத்து, மலையிலிருந்து இறங்கியபின் மதியம் மீன் சோற்றுக்குப் போவதே தடையில்லாத ஒழுங்கு. வெள்ளிக்கிழமை முழுவதும் மரக்கறி என்றிருக்கும் குடும்பங்கள் அந்த நாளை நகரத்துக்கு ஒதுக்கிவிட்டால், உப்புவெளியில் வாட்டிய மீனைப் பார்த்து ஏங்கும் நிலை வராது. கோட்டைக்குள் நெருங்கி வரும் புள்ளிமான்களுக்குப் பொலித்தீனில் சுற்றிய தின்பண்டம் எதையும் கொடுக்காதீர்கள்.

விமானப்படையின் பராமரிப்பிலுள்ள மார்பிள் பீச்சையும் சிலர் இப்போட்டியில் சேர்ப்பார்கள். மாலைவரை குளிப்பதற்குத் தண்ணீர் கண்ணாடிபோல் அமைதியானது. ஆனால் சாப்பாட்டுக்காக யாரும் அங்கே போவதில்லை. கிண்ணியாவுக்குப் போய்த் தயிர் வாங்கும் பயணத்தில் இடையில் இறங்கிக் குளித்துவிட்டு வரலாம். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தையும் பார்த்ததாகும்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை வருகிறவர்களுக்கு மேலே சொன்ன தீர்ப்பு பொருந்தாது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் அம்மாதங்களில் கடல் கொந்தளிக்கும். புறாத்தீவுக்குப் படகு ஓடாது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் பல உணவகங்கள் பூட்டிக்கிடக்கும். அறை வாடகை பாதியாகக் குறைந்திருக்கிறது என்பதற்காக நிலாவெளியில் பதிவு செய்துவிட்டு, மழையைப் பார்த்தபடி அறைக்குள்ளேயே இருந்து திரும்பியவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் தயக்கமின்றி நகரத்தில் தங்குங்கள். மழை விட்ட இடைவெளியில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் நீராடலாம். ஆழ்கடல் மீன் குறைந்திருந்தாலும் களப்பு இறாலும் நண்டும் சந்தைக்கு வரும். மாரி நாளில் மிளகு கூட்டி வைத்த நண்டுக் குழம்பும் சுடுசோறும் கிடைக்கும் கடை எது என்று ஓட்டோ ஓட்டும் அண்ணனிடம் கேட்டால், அவரே அழைத்துப்போய் இறக்கிவிடுவார்.