விறகடுப்பு, தட்டு, கறி: டர்பன் பீட்சாக்கள் மூன்றையும் எடைபோட்டால்

டர்பனில் பீட்சா சாப்பிட நினைக்கும் தமிழ்க் குடும்பத்திற்கு மூன்று வழிகள் உண்டு. ஃபுளோரிடா ரோடு, அம்ஷ்லாங்கா பகுதிகளில் விறகடுப்பு வைத்திருக்கும் இத்தாலிய உணவகங்கள் ஒரு வழி. டெபோனேர்ஸ், ரோமன்ஸ், பீட்சா ஹட் போன்ற செயின் கடைகள் இன்னொரு வழி. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற நம்மவர் வாழும் இடங்களில் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பனி சௌவும் சமோசாவும் விற்கும் டேக்அவே கடைகளில், ஆட்டுக்கறியோ கோழிக்கறியோ பரப்பிச் சுட்டுத் தரும் பீட்சா மூன்றாவது வழி. எது உயர்ந்தது என்ற வாதம் வீடுதோறும் நடக்கிறது. மேலே எதை இடப் போகிறோம், எங்கே உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம் என்ற இரண்டையும் முடிவு செய்த பிறகே பீட்சாவின் அடியில் எந்த ரொட்டி வேண்டும் என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விறகடுப்பு பீட்சாவின் தாயகம் இத்தாலியின் நாப்போலி நகரம். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கைத் தவிர அந்த ரொட்டியில் வேறெதுவும் சேர்ப்பதில்லை. 1984இல் நாப்போலியில் தொடங்கிய பீட்சாச் சங்கம் வகுத்த விதிப்படி, ரொட்டியின் நடுப்பகுதி கால் சென்டிமீட்டர் தடிப்பைத் தாண்டக் கூடாது. விளிம்பு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உப்பி நிற்க வேண்டும். அடுப்பில் இருக்கும் நேரமோ 60 முதல் 90 விநாடிகள் மட்டுமே. பீட்சா தட்டும் அந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. விறகடுப்பின் முன் நிற்பவர் நீண்ட பிடியுள்ள தகட்டை உள்ளே நீட்டி, நெருப்பை நோக்கிய பக்கம் கருகத் தொடங்கும் கணத்தில் பீட்சாவைக் கால்வட்டம் திருப்பி, பிறகு ஒரு நொடி மேலே தூக்கிப் பிடித்துக் கூரை அனலைக் காட்டி எடுக்கும் வேகத்தைப் பார்த்தவர்கள், அந்த மரியாதை தகும் என்றே சொல்வார்கள்.

ஆனால் இந்த முறைக்குத் தெளிவான எல்லை உண்டு. ஒன்றரை நிமிடத்தில் தக்காளியின் நீரும் மொட்சரெல்லாவின் நீரும் முழுவதும் வற்றாது. அதனால் நடுப்பகுதி நெகிழ்ந்துதான் இருக்கும். தக்காளி, மொட்சரெல்லா, துளசியைப் போன்ற பேசில் இலை என்று மூன்றோடு நிற்கும் மார்கரீட்டாவுக்கு அந்த நெகிழ்ச்சி அழகு. அதன்மேல் இறைச்சியையும் காளானையும் வெங்காயத்தையும் குவித்தால் ரொட்டி வெந்து முடியும்போது மேலிருப்பவை அரைவேக்காட்டில் நிற்கும். டர்பனின் கோடை ஈரமும் இதில் கை வைக்கிறது. ஜனவரிப் புழுக்கத்தில் பிசைந்த மாவு வெளியில் இருந்தால் அளவுக்கு மீறிப் புளித்து, தட்டும்போதே தளர்ந்து கிழியும். நல்ல கடைகள் மாவைக் குளிரில் வைத்து மெல்லப் புளிக்க விடுகின்றன. விளிம்பில் சிறுசிறு கரும்புள்ளிகளும், பிய்த்தால் உள்ளே பெரிய துளைகளும் தென்பட்டால் அந்தக் கடையை நம்பலாம். மெல்லிய அடிக்குப் பெயர் வாங்கிய கோல்காக்கியோ 1992இல் கேப்டவுனில் தொடங்கிய கடை. அது நாப்போலி மென்மையைவிட மொறுமொறுப்பின் பக்கம் சாய்ந்தது என்பதால் காய்கறிகளைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். எப்படியிருந்தாலும், விறகடுப்பு பீட்சாவை அட்டைப் பெட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தன் ஆவியிலேயே அது நனைந்து, வழியிலேயே தோல்போல இழுபடத் தொடங்கிவிடுகிறது.

செயின் கடைகளை ஏளனமாகப் பேசும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது நியாயமற்றது. டெபோனேர்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய கடை இல்லை. 1991இல் நம் மாகாணத்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் வீடு தேடிப் பீட்சா கொண்டுசெல்லத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த கடை அது. வெளிநாட்டுப் பெயர்களுக்கு இங்கே அவ்வளவு எளிதாக இடம் கிடைக்கவில்லை: டோமினோஸ் 2014இல் வந்து 2020இல் கடைகளை மூடிவிட்டது, பீட்சா ஹட் ஒருமுறை வெளியேறி 2014இல்தான் திரும்பியது. இந்தக் கடைகளின் தடித்த ரொட்டியில் எண்ணெயும் கொஞ்சம் இனிப்பும் சேரும். எண்ணெய் தடவிய தட்டில் வேகும்போது அடிப்பக்கம் பொரிந்து பொன்னிறமாகிறது. ஓவன் சூடு விறகடுப்பில் பாதியளவே என்பதால் பீட்சா பல நிமிடங்கள் உள்ளே இருந்து, மேலிருக்கும் ஈரம் வற்ற அவகாசம் கிடைக்கிறது. பெட்டியில் அரைமணி நேரம் பயணம் செய்தாலும் இந்த ரொட்டி குலைவதில்லை. சாஸ் இனிப்பாக இருக்கிறது என்பதும், சீஸ் பரப்பில் சுவையைவிட இழுவை மேலோங்குகிறது என்பதும் என் குறைகள். பெரிபெரி கோழி போன்ற காரமான டாப்பிங் இட்டால் அந்த இனிப்பே துணையாகிவிடுகிறது. பிள்ளைகள் நிறைந்த வீட்டில் இரண்டு பீட்சாவைச் சேர்த்து விற்கும் ரோமன்ஸ் கணக்குத்தான் செல்லுபடியாகும். அதைப் பற்றி மேலும் சொல்ல எதுவுமில்லை.

நான் மிகவும் அக்கறையோடு பேச விரும்புவது கறிப் பீட்சாவைப் பற்றித்தான். இது நம்முடையது, நன்றாகச் செய்யப்பட்டால் மற்ற இரண்டுக்கும் ஈடாக நிற்கக்கூடியது, ஆனால் பெரும்பாலான இடங்களில் கவனமின்றிச் செய்யப்படுகிறது. காலையில் வைத்த ஆட்டுக்கறியைக் குழம்போடு அள்ளி மெல்லிய ரொட்டியில் ஊற்றி, அதற்கு மேல் சீஸைத் தூவிச் சுட்டால், டர்பன் மசாலாவின் சிவந்த எண்ணெய் சீஸுக்கு மேலே குளமாகத் தேங்கும். ரொட்டியின் நடுப்பகுதி கூழாகிவிடும். இதற்கு விடை பனி சௌவிலேயே இருக்கிறது. கால் ரொட்டியைக் குடைந்து கறியை நிரப்பும்போது, தடித்த வெள்ளை ரொட்டி குழம்பை உறிஞ்சிக்கொண்டு உருக்குலையாமல் நிற்கிறது. ஆகவே கறிக்கு ஏற்றது தட்டில் வேகும் தடித்த ரொட்டியே. விறகடுப்பு உணவகத்தில் கறிப் பீட்சா கேட்பதும், டேக்அவே கடையில் மெல்லிய அடியில் கேட்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

எங்கள் பெரியம்மா வீட்டில் செய்யும் முறையை நான் எல்லாக் கடைகளுக்கும் முன்மாதிரியாகச் சொல்வேன். கறியை எலும்பு நீக்கிச் சுக்கா பதத்துக்கு வற்ற விடுவார். கறியில் கிடக்கும் உருளைக்கிழங்கை கரண்டியின் முதுகால் மசித்து அந்த வற்றிய மசாலாவோடு புரட்டுவார். மசித்த கிழங்கு எண்ணெயைப் பிடித்துக்கொள்வதால் சட்டியின் ஓரத்தில் சிவப்பு பிரிந்து ஓடாது. கறியிலேயே தக்காளி இருப்பதால் தக்காளி சாஸ் தடவ மாட்டார். சீஸில் முக்கால் பங்கு கறிக்கு அடியில் போகும். அது ரொட்டிக்கும் கறிக்கும் இடையே ஒரு தடுப்பாக நிற்கும். மீதிக் கால் பங்கு மேலே. ஓவனை 250 பாகைக்கு ஏற்றி, கனமான இரும்புத் தட்டை முக்கால் மணி நேரம் முன்பே உள்ளே வைத்துச் சூடாக்கி, அதன்மேல் பீட்சாத் தட்டை இறக்குவார். வெளியே எடுத்த பிறகுதான் கொத்தமல்லித் தழையும், வினிகரில் ஊறிய வெங்காயமும். வெட்டிய துண்டைக் கையில் எடுத்தால் முனை தொங்குவதில்லை.

டாப்பிங் விஷயத்தில் தென்னாப்பிரிக்காவுக்கென்று சில விருப்பங்கள் இருக்கின்றன. பேக்கன், அவகாடோ, ஃபெட்டா மூன்றும் சேர்ந்தது நாட்டின் எந்த ஊரிலும் கிடைக்கும். பேக்கனை நீக்கிக் கேட்டால் அதுவே சைவர்களுக்கு நல்ல பீட்சா. அவகாடோவைச் சுட்டால் கசக்கும் என்பதால் ஓவனிலிருந்து எடுத்த பின்பே வைக்க வேண்டும். அதனால் அது மெல்லிய ரொட்டிக்குப் பொருத்தமானது. ஆண்டு இறுதியில் உள்நாட்டு விளைச்சல் குறைந்துவிடுவதால், டிசம்பரில் அவகாடோ பீட்சாவுக்குக் கூடுதல் விலை கொடுப்பதைவிட பெப்படூவுக்கு மாறிக்கொள்வது நல்லது. லிம்போப்போவிலிருந்து வந்த அந்தச் சிறு சிவப்பு மிளகாயை இனிப்பும் புளிப்புமாக ஊறவைத்து விற்கிறார்கள்; ஃபெட்டாவின் உப்போடு அது அருமையாகச் சேரும். உலர்த்திய இறைச்சியான பில்டோங் பெரும்பாலும் மாட்டிறைச்சி என்பதால் நம்மில் பலர் அதன் பக்கம் போவதில்லை. ஹலால் சான்று பெற்ற கடையில் பன்றி இறைச்சி இருக்காது, மாட்டிறைச்சி இருக்கலாம் என்பதையும் ஆர்டர் செய்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்னாசியைப் பீட்சாவில் வைத்தவர் 1962இல் கனடாவின் ஒண்டாரியோவில் கடை நடத்திய சாம் பானோபுலோஸ். டின்னில் அடைத்த அன்னாசியின் தித்திப்பை வெறுப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மிளகாய் மசாலா தூவிய அன்னாசித் துண்டைத் தின்று வளர்ந்த டர்பன்காரர்கள் பீட்சாவில் அன்னாசி கூடாது என்னும் இத்தாலியர் பக்கம் நிற்கத் தேவையில்லை. ஷுலுஷுலுவே பக்கத்தில் விளையும் குயின் அன்னாசியை மெல்லியதாக நறுக்கி, சட்டியில் வாட்டி நீரை வற்றவைத்து, மிளகாய்த்தூளும் உப்பும் புரட்டித் தட்டுப் பீட்சாவில் இட்டால் டின் அன்னாசியோடு ஒப்பிடவே முடியாது.

புரட்டாசியில் ஒப்பீடு வேறு கோணத்தில் நடக்க வேண்டும். அந்த மாதம் மரக்கறி மட்டுமே உண்ணும் குடும்பங்கள் மார்கரீட்டாவைக் கேட்டுவிட்டால் போதும் என்று நம்பிவிடுகின்றன. இத்தாலியின் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரைய வைக்கும் ரென்னெட் இல்லாமல் செய்ய அங்கே விதி இடம் தருவதில்லை. உயர்ந்த இத்தாலிய உணவகங்களில்தான் அதைத் தாராளமாகத் துருவிப் போடுகிறார்கள். மொட்சரெல்லாவைக் கன்று ரென்னெட் இல்லாமலும் செய்யலாம், ஆகவே எந்த சீஸ் என்று கேட்டே தீர வேண்டும். ஹாம் வெட்டிய பலகையும் உருளைக் கத்தியும் எல்லாப் பீட்சாவுக்கும் பொதுவாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். இந்த மாதத்தில் மூன்றாவது வழியே முன்னால் நிற்கிறது: நம்மவர் நடத்தும் டேக்அவே கடையில் விரதத்துக்கென்று தனிச் சட்டியும் தனிக் கத்தியும் வைத்திருக்கிறார்களா என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள். அங்கே சுகர் பீன்ஸ் கறியை நன்றாக வற்றவைத்து, பாதிப் பயறை மசித்து, தடித்த ரொட்டியில் பரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள்.