பழைய கார்களுக்கு ஒரு 35 மி.மீ. லென்ஸும் ஒரு போலரைஸரும்: ஆறு வருட அனுபவம்

புதுப்பித்த பழைய கார்களைப் படமெடுக்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. கண்காட்சி, ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டம், ஆயுத பூஜை அன்று தெருவோரம், கல்யாண ஊர்வலம் என்று எங்கே போனாலும் பையில் இருப்பது இரண்டு சாமான்கள்தான். கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவில் மாட்டிய 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, பிரதிபலிப்பை அடைக்க அதன் முன்னால் திருகும் 52 மி.மீ. போலரைஸர் ஃபில்டர் ஒன்று. நடுவில் கேமராவை மாற்றினேன், இந்தக் கூட்டணியை மாற்றவில்லை. லென்ஸைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. போலரைஸரைப் பற்றி நிறைய இருக்கிறது, அதைத் தப்பாகப் பயன்படுத்தி ஒன்றரை வருடப் படங்களைக் கெடுத்துக்கொண்டவன் என்பதால்.

அதை முதன்முதலாகத் திருகிப் பார்த்தது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு முன்னால். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலொட்டி வரைந்த, இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டு காரின் நம் ஊர்ப் பதிப்பு. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கத்தில் செய்தார்கள். பானெட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்குமே, அந்த வண்டி. பானெட் முழுக்க வெள்ளையாக வானம் படிந்திருந்தது. ஃபில்டர் வளையத்தை மெல்லத் திருப்பத் திருப்ப, ஈரத்துணியால் துடைத்ததுபோல அந்த வெள்ளை நகர்ந்து போய், அடியிலிருந்த ரத்தச் சிவப்பு மேலே வந்தது. அன்று எடுத்த நூற்றிச் சொச்சம் படங்களிலும் வளையத்தைக் கடைசி வரை திருப்பியே வைத்திருந்தேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால்தான் எங்கே காலை வாரும் என்பதும் தெரியும். பெயிண்ட், கண்ணாடி, ஈரத் தரை மாதிரி உலோகமல்லாத பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும். அந்தத் திசையை ஃபில்டர் அடைத்துவிடும். ஆனால் எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி அடைக்காது. நம் பார்வை அந்தப் பரப்பை ஏறக்குறைய 35 பாகைச் சாய்வில் தொடும் இடத்தில்தான் முழு பலம். நேராக எதிரில் நின்று கதவைப் பார்த்தால் எவ்வளவு திருகினாலும் ஒன்றும் மாறாது. பழைய காரில் இதுதான் சிக்கல், அதன் உடம்பு முழுக்க வளைவு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வந்த மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள், நேரான இடமே அதில் கிடையாது. வளையத்தை முழுக்கத் திருப்பினால் மட்கார்டின் ஒரு பக்கம் பிரதிபலிப்பு போய் அடர்ந்துவிடும், ஒரு சாண் தள்ளி வானம் அப்படியே இருக்கும். படத்தில் அது சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்த துணி மாதிரித் தெரியும். அந்தத் திட்டுகளைக் கணினியில் சரிசெய்யப் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். சரியாகவே வராது.

இந்தப் பழக்கத்தை விட வைத்தவர் சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு டிங்கர் அண்ணன். அவர் வேலை பார்த்த கறுப்பு மார்க் 1 அம்பாசிடர் ஒன்றை ஒரு கண்காட்சியில் எடுத்திருந்தேன். பிரதிபலிப்பு துளியும் இல்லாமல் கறுப்பு கறுப்பாகவே இருந்தது, எனக்கு அதில் பெருமை. பிரிண்ட் போட்டு அவரிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். துடைப்புத் துணியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "கலரு நல்லா வந்திருக்கு தம்பி. என் வேலை எங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பட்டறைக்குள் கூட்டிப்போய், பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்த வேறொரு வண்டியின் கதவருகே குந்த வைத்தார். மேலே நீளமாக ஒரு டியூப் லைட். அதன் பிம்பம் கதவில் ஒரு கோடாக ஓடியது. "தலையை மேலயும் கீழயும் ஆட்டிப் பாரு" என்றார். கோடு கதவு நெடுக வழுக்கிக்கொண்டு போனது, எங்கும் நெளியவில்லை. "இது தண்ணி மாதிரி ஆடுச்சுன்னா உள்ள பட்டி சரியா தேய்க்கலைன்னு அர்த்தம். ஒரு கதவுக்கு நாலு நாள் வாட்டர் பேப்பர் போட்டிருக்கேன். அதை நீ அழிச்சுட்டு வந்து படம்னு காட்டுற."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது ஆழமாகப் போனது. ஒடுக்கு எடுத்து, தகடு தட்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, தேய்த்து, மறுபடி தேய்த்து ஒருவர் கொண்டுவரும் அந்தச் சமதளத்தைக் கண்ணுக்குக் காட்டுவதே பிரதிபலிப்புதான். பெயிண்டின் நிறத்தை யாரும் டப்பாவில் வாங்கிவிடலாம். கோடு நெளியாத கதவை வாங்க முடியாது. கறுப்புக் காரில் பிரதிபலிப்பைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது கார் உருவத்தில் ஒரு இருட்டுதான், இடுப்பு வளைவு எங்கே திரும்புகிறது என்பதுகூடத் தெரியாது. பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்த வண்டி என்றால் மினுமினுப்பு கொஞ்சம் மெத்தென்று இருக்கும். இப்போதைய பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த வித்தியாசமும் பிரதிபலிப்பில்தான் இருக்கிறது. எந்த வண்டியை எந்தக் காலத்து முறையில் மீட்டிருக்கிறார்கள் என்பதைப் படம் பார்க்கிறவர் அதிலிருந்து படிக்க முடியும்.

அதற்கப்புறம் என் கை வேறு மாதிரி பழகிக்கொண்டது. முதலில் வளையத்தை முழுக்கத் திருப்பிப் பார்க்கிறேன், பிறகு பாதி தூரம் திரும்பி வருகிறேன். முன்கண்ணாடிக்கு மட்டும் முழு வீச்சு. வானம் விலகினால் உள்ளே பெரிய வட்டமாக வெள்ளை ஸ்டீயரிங், டேஷ்போர்டு, சாமி படம், சீட்டின் தையல் எல்லாம் தெரியும், அது வேண்டும். கதவுக்கும் பானெட்டுக்கும் ஒரு நீளமான பிம்பத்தையாவது விட்டுவைக்கிறேன். ஒரே இடத்தில் நின்று இரண்டு படம் எடுத்துக் கணினியில் ஒட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு படத்தின் வெளிச்சமும் ஒன்றோடொன்று சண்டை போடுவது கதவு விளிம்பில் தெரிந்துவிடும்.

குரோமில் ஃபில்டரின் பாச்சா பலிக்காது. அது உலோகம், அதில் பட்ட ஒளி அடைபடாது. பம்பர், கிரில், வீல் கேப் எல்லாம் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் வரும். வெயிலில் அந்த மினுக்கு வெளிறிப் போகாமல் இருக்க எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து வைக்கிறேன். சென்னையில் காலை எட்டரைக்கு மேல் குறைத்தும் பயனில்லை, அப்போது கேமராவை இறக்கிவிட்டு வண்டிக்காரர்களோடு பேசலாம். இன்னொன்று, குரோமில் நாமும் தெரிவோம். வெள்ளைச் சட்டையோடு போன ஒரு காலையில் எடுத்த படங்களில் எல்லா ஹெட்லைட் வளையத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கிறது. இப்போது பழைய கார் நாளென்றால் அடர்ந்த சாம்பல் நிறச் சட்டைதான். இடுப்பு பெல்ட்டும் கட்டுவதில்லை, குனியும்போது பக்கிள் பெயிண்டில் உரசிவிடக் கூடாது.

ஃபில்டர் இன்னொன்றையும் காட்டும். டஃபன்டு கண்ணாடியில் போலரைஸர் வழியாகப் பார்த்தால் வரிசை வரிசையாக மங்கலான திட்டுகள் தெரியும், சூடாக்கிக் குளிர்வித்தபோது உள்ளே உறைந்த இறுக்கம் அது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் ஒட்டிய லேமினேட்டடு முன்கண்ணாடியில் இது வராது. 1930-களின் கார் ஒன்றில் மூன்று ஜன்னல் சுத்தமாகவும் ஒன்று மட்டும் திட்டாகவும் தெரிந்தது. உரிமையாளர் ஐயாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த ஒன்றைப் பிற்காலத்தில் மாற்றியதை ஒத்துக்கொண்டார், அடுத்த அரை மணி நேரம் அந்தக் காரின் முழுக் கதையும் எனக்குக் கிடைத்தது.

இனி லென்ஸ். அம்பாசிடரின் நீளம் 4.3 மீட்டர். 35 மி.மீ.யில் அதைப் பக்கவாட்டில் கொஞ்சம் இடம் விட்டுப் பிடிக்க எட்டு மீட்டர் பின்னால் போக வேண்டும். 1960 செவர்லே இம்பாலா 5.3 மீட்டருக்கு மேல், அதற்குப் பத்து மீட்டர் வேண்டும். கண்காட்சியில் அந்த எட்டு மீட்டருக்குள் எட்டுக் குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும். முழுக் காரை எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் விடியற்காலையில் வண்டிகள் வந்து நிற்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், அல்லது இந்த லென்ஸை வாங்காதீர்கள். வைட் லென்ஸோடு கிட்டே போய் எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், மூக்கு வீங்கி ஹெட்லைட் தவளைக் கண் மாதிரி வரும். ஒருவர் பத்து வருடம் அலைந்து சரியான அளவில் மீட்டெடுத்த வண்டிக்கு அது அநியாயம். 35-இல் கதவுக் கைப்பிடி, ஃபுட்போர்டின் ரப்பர், பானெட் முனைச் சின்னம் இவையெல்லாம் கண்ணால் பார்க்கும் அளவிலேயே வரும். அதற்காகத்தான் இதை வைத்திருக்கிறேன்.

ஓடும் வண்டிக்கு ஃபில்டர் எதிர்பாராமல் கைகொடுத்தது. அது ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும். காலை வெயிலிலும் ஷட்டர் வேகத்தில் 1/60 வினாடிக்கு இறங்க முடிகிறது. வண்டியோடு சேர்த்து இடுப்பைத் திருப்பினால் சக்கரத்தின் ஆரங்கள் சுழலும், உடம்பு கூர்மையாக நிற்கும். 1/1000-இல் எடுத்தால் ஓடுகிற கார் நிறுத்திவைத்த மாதிரி இருக்கும். 1/60-இல் பத்தில் எட்டு கலங்கிப்போகும், அதற்கு மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

தேய்மானம் பற்றி: முதலில் வாங்கிய மலிவு போலரைஸர் ஒரு வருடத்தில் எல்லாப் படத்துக்கும் மஞ்சள் பூசியது. வெள்ளைக் கார் பாதாம்பால் நிறத்தில் வந்தது. இரண்டாவதைக் கொஞ்சம் காசு போட்டு வாங்கினேன், ஐந்து வருடமாக நிறம் மாறவில்லை. கடற்கரைச் சாலை மணல் வளையத்தில் ஏறி இரண்டு முறை இறுகிக்கொண்டது. விரலால் முறுக்கினால் வளையம் கோணலாகி இன்னும் இறுகும். சுத்தமான ரப்பர் செருப்பின் அடியில் லென்ஸ் முகத்தை லேசாக அழுத்திச் சுற்றினால் சுற்றிலும் ஒரே பிடி கிடைத்துக் கழன்றுவிடும். மழைக்காலத்தில் லென்ஸையும் ஃபில்டரையும் தனித்தனியாகக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். சேர்த்தே வைத்தால் நடுவில் பூஞ்சை பிடிக்கும்.

தெருவில் பழைய கார் கிடைப்பது குறைந்துகொண்டு வருகிறது. 2021 விதிப்படி ஐம்பது வயது தாண்டிய, அசல் உருவில் இருக்கும் வண்டிகளை வின்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம், புது நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரணங்களுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். அதனால் தெருவில் எனக்கு வாய்ப்பது இன்னமும் பிரீமியர் பத்மினியிலும் அம்பாசிடரிலும் காய்கறி வாங்கப் போகிற சில பெரியவர்களும் ஆயுத பூஜையும்தான். பூஜை அன்று பானெட்டில் சந்தனமும் குங்குமமும், சக்கரத்தடியில் எலுமிச்சையும் இருக்கும். வண்டியைத் தொடாமல், முதலில் "எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

அப்புறம் ஜானவாசம், கல்யாணத்துக்கு முந்தின இரவு மாப்பிள்ளை ஊர்வலம். திருவல்லிக்கேணியில் போன தை மாதம் திறந்த பழைய டாட்ஜ் ஒன்றில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இருட்டில் போலரைஸருக்கு வேலையில்லை, கழற்றிப் பையில் போட்டேன். லென்ஸ் வாயை முழுக்கத் திறந்து எஃப் 1.8, சென்சாரின் உணர்திறனைக் கூட்டி ஐ.எஸ்.ஓ. 3200. முன்னால் நாயனம், இரண்டு பக்கமும் லைட் தூக்கி வருகிறவர்கள். கார் நடை வேகத்தில் வந்தது. ஒவ்வொரு விளக்கின் பிம்பமும் ஹெட்லைட்டுக்குப் பின்னால் தொடங்கி மட்கார்டு ஏறி, கதவு நெடுக ஓடி, டிக்கி வளைவில் இறங்கி மறைந்தது. அதையே குந்தி உட்கார்ந்து முப்பது படம் எடுத்தேன், மாப்பிள்ளை இரண்டில்தான் இருக்கிறார். அதில் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டிருக்கிறேன், புதுப்பேட்டைக்கு எடுத்துப் போக.