மலைக்கு வந்தால் பின்தங்கும் மணிக்கூடும் முந்தும் மணிக்கூடும்

கொழும்பில் ஒழுங்காக ஓடிய ஊசல் மணிக்கூட்டை நுவரெலியாவில் மாட்டினால் பின்தங்கும். அணுக்கடிகாரத்தைக் கொண்டுவந்தால் முந்தும். உயரம் ஒன்றுதான், 1,868 மீற்றர். இரண்டில் எதை நம்புவது?

தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த என் தாத்தா கொழும்பில் சுவர் மணிக்கூடு ஒன்று வாங்கி வந்தார். மாட்டிய புதிதில், வானொலி நேரம் சொன்னதும் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஊசல் குண்டுக்கு அடியிலுள்ள சிறு திருகை இரு விரலால் அரைச்சுற்று ஏற்றுவார். "குளிரில் விறைத்துப்போகிறது" என்பார். உண்மையில் குளிர் அதை முந்தவே வைக்கும். உருக்குத் தண்டு சுருங்கினால் ஊசல் விரைந்து ஆடும். வெப்பநிலை ஒரு பாகை குறைந்தால் நாளுக்கு அரைச் செக்கன். அதையும் மீறிப் பின்னுக்கு இழுப்பது, உயரப் போகப் போகத் தளரும் புவியீர்ப்பு. நுவரெலியாவில் அது நாளுக்கு ஏறத்தாழ 15 முதல் 25 செக்கன்வரை தின்றுவிடும். எவ்வளவு என்பது காலடிப் பாறையையும் பொறுத்தது.

குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. செக்கனுக்கு 32,768 முறை அதிரும் படிகம் உயரத்தைப் பொருட்படுத்தாது. குளிரில் கழற்றி வைத்தால் சற்றுப் பின்தங்கும், அவ்வளவுதான். பெரட்டுக்கும் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) பஸ்ஸுக்கும் இதுவே போதும்.

அணுக்கடிகாரம் வேறு சாதி. 1967 முதல் செக்கன் என்பதே சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள்தான். நுவரெலியாவில் அது கடல் மட்டத்தைவிட நாளுக்குச் சுமார் 18 நானோசெக்கன் முந்தும். நானோசெக்கன் என்றால் செக்கனின் 100 கோடியில் ஒரு பங்கு. ஊசலின் பிழையோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. ஆனால் ஊசல் பின்தங்குவது கருவியின் குறை; இங்கே கருவியில் குறையே இல்லை. ஐன்ஸ்டைன் சொன்னபடி, ஈர்ப்பின் ஆழத்திலிருந்து மேலேற மேலேறக் காலமே விரைவாக ஓடுகிறது. 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெறும் 33 சென்டிமீற்றர் உயர வேறுபாட்டில் இதை அளந்து காட்டினார்கள். தேயிலைச் செடியின் அடிமரத்துக்கும் கொழுந்துக்கும் இடையே அதைவிட உயரம் உண்டு. கொழுந்துக்கு ஒரு துளி அதிகமாகவே வயதாகிறது.

ஆகவே காலம் என்னவென்று கேட்டால் என் கை அணுக்கடிகாரத்தையே காட்டும். தாத்தாவின் மணிக்கூடு இப்போது கொழும்பில் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இங்கே முந்துகிறது, திருகை இறக்கிக்கொண்டிருக்கிறேன்.