நாயோட போறீங்களா? பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் போங்க

அமெரிக்கால நேஷனல் பார்க்னாலே நாய்க்கு பாதி இடத்துல தடைதான், கிராண்ட் கேன்யன்ல கூட விளிம்புக்கு கீழ இறங்குற பாதைல நாயை விடமாட்டாங்க, ஆனா அரிசோனால இருக்குற இந்த பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் அப்படியே நேர்மாறு, இங்க எந்த ட்ரெயில்லயும் நாயோட நடக்கலாம், கயிறு மட்டும் 6 அடிக்குள்ள இருக்கணும், பில்டிங் உள்ள கூட்டிட்டு போகக்கூடாது, அவ்ளோதான்.

லாங் டிரைவ் போறவங்களுக்கு இன்னொரு வசதி, ஐ-40 ரோட்ல இருந்தே உள்ள நுழைஞ்சிடலாம். கிட்டத்தட்ட 28 மைல் ரோடு, வழியெல்லாம் வியூ பாயிண்ட், இறங்கி கொஞ்சம் நடந்து மறுபடி ஏறிக்கலாம், பின் சீட்லயே படுத்து போரடிச்ச நாய்க்கு இதைவிட வேற என்ன வேணும். கார் ஒண்ணுக்கு 25 டாலர்.

ப்ளூ மேசா ட்ரெயில்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, நீலமும் சாம்பலுமா மண்ணு, சுமார் ஒரு மைல்தான் ஆனா இறக்கம் செங்குத்து. கிரிஸ்டல் ஃபாரஸ்ட் ட்ரெயில்ல 20 கோடி வருஷத்துக்கு முந்தின மரமெல்லாம் கல்லா கிடக்கு (எங்க ஆளு ஒவ்வொண்ணா மோந்து பாத்துட்டு ஏமாந்துட்டான் பாவம்). கல்லு ஒண்ணு கூட எடுக்காதீங்க, சட்டப்படி குத்தம்.

நிழல்னு பேருக்குத்தான். கோடைல தரை கொதிக்கும், நாய் பாதம் வெந்துடும், காலைலயே போயிடுங்க, தண்ணி நிறைய எடுத்துக்கங்க. உள்ள கேம்ப்கிரவுண்டும் கிடையாது, ராத்திரி தங்க பக்கத்துல இருக்குற ஹோல்ப்ரூக் ஊருக்கு வந்துடலாம்.