தறிக்குடோன் பக்கத்தில் ஒரு டீலக்ஸ் ரிவெர்ப்

அமெரிக்கக் கம்பெனி ஃபெண்டரின் 65 டீலக்ஸ் ரிவெர்ப் என்ற கிடார் ஆம்பை (ஆம்ப்ளிஃபையர்), அதன் ரிவெர்புக்காக, அதாவது ஒலிக்குப் பின்னால் நீளும் எதிரொலிச் சாயலுக்காக மட்டுமே வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன். நோம்பிக் கச்சேரிக்கு, அதாவது ஊர்த் திருவிழா மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்றால், வேண்டவே வேண்டாம்.

நான் சோமனூர்க்காரன். மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறேன். இதைக் கோயமுத்தூரில் ஒரு நண்பரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். புதிதாக வாங்கினால் லட்சத்துக்கு மேல் ஆகும். மூல மாடல் வந்தது 1963இல். என்னிடம் இருப்பது 1993 முதல் ஃபெண்டரே மறுபடி தயாரித்து விற்கும் வகை. 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று, 22 வாட், எடை 19 கிலோ. 22 வாட்தானே என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் வால்யூமை 4க்குக் கொண்டுபோனால் தெருவே எட்டிப் பார்க்கும். மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் குமிழ் கிடையாது. ஆம்பின் அந்த லேசான கரகரப்பு 4க்கு மேல்தான் பிறக்கும் என்பதால், மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் யோசித்துக்கொள்ளவும்.

பின்பக்கம் எட்டிப் பார்த்தால் பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள்: ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6 பவர் வால்வு இரண்டு, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு ஒன்று, சின்ன வால்வுகள் ஆறு. அந்த ஆறில் (ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பாதி உண்டு) இரண்டரை வால்வு ரிவெர்புக்கும், ஒலியை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோவுக்குமே போய்விடுகிறது. காசு எங்கே போகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

ரிவெர்ப் வேலை செய்யும் விதம் இது. கிடார் சிக்னலில் ஒரு பங்கு 500 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தாண்டிப் போகிறது. கனமான பேஸ் எல்லாம் அங்கேயே கழிந்துவிடும். மிச்சத்தை 12ஏடி7 வால்வு ஒன்று, தன் இரண்டு பாதியையும் சேர்த்துப் போட்டு, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தள்ளுகிறது. அது போய்ச் சேரும் இடம், பெட்டியின் அடியில் பைக்குள் படுத்திருக்கும் தகரத் தட்டு. தட்டுக்குள் நீளமான ஸ்பிரிங்குகள் இரண்டு தொங்கும். ஒரு முனையில் இருக்கும் சுருள், ஸ்பிரிங்கோடு ஒட்டிய குட்டிக் காந்தத்தைத் திருகும். அந்த முறுக்கு அலையாக ஓடி மறுமுனைச் சுருளில் மில்லிவோல்ட் கணக்கில் மின்சாரமாக வரும், மோதித் திரும்பும், மறுபடி வரும். ஒரு ஸ்பிரிங்கில் சுமார் 33 மில்லி செகண்ட் தாமதம், இன்னொன்றில் 41. இரண்டும் ஒத்துப்போகாது. அதனால்தான் தனித்தனி எதிரொலியாகக் கேட்காமல் பரந்து கேட்கிறது. வந்த சிக்னலை 12ஏஎக்ஸ்7 வால்வு ஒன்றின் பாதி பெரிதாக்கி, நேராக வந்த ஒலியோடு கலக்கிறது.

இதே கம்பெனியின் ப்ளூஸ் ஜூனியர் ஆம்பிலும் ஸ்பிரிங் உண்டு, ஆனால் அதை ஓட்டுவது வால்வு அல்ல, ஐசி சில்லு. அது தூரத்து ஹாலில் வாசித்த மாதிரி ஒதுங்கி நிற்கும், என் காதுக்கு அவ்வளவுதான். டீலக்ஸில் ஸ்பிரிங்கின் சொட்டுச் சத்தமே தனியாகக் கேட்கும். முதல் கம்பியை அழுத்தி ஒரு தட்டு தட்டினால் 'ப்ளிக்' என்று ஈரமாகத் தெறிக்கும். குமிழ் 3இல் இருந்தால் மெதுவான பாட்டுக்கு அளவாக இருக்கும். 6க்குப் போனால், அறுபதுகளின் அமெரிக்கக் கடற்கரைப் பாணியான சர்ஃப் கிடார் தவிர வேறு எதற்கும் ஆகாது. பக்கத்துக் குடோனில் தறி ஓட்டும் அண்ணன் ஒருநாள் நின்று கேட்டுவிட்டு, "ஏனுங் தம்பி, கெணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கறாப்ல இருக்குதுங்க" என்றார். குமிழ் அப்போது 7இல் இருந்தது. அவர் சொன்னது சரிதான்.

தறி என்றதும் சொல்லியாக வேண்டும். ஸ்பிரிங்குக்குக் கிடார் எது, தரை எது என்று தெரியாது. தறி அடிக்கும் ஒவ்வோர் அடியும் தரை வழியாகத் தட்டுக்குள் ஏறி, ஸ்பீக்கரில் 'தும் தும்' என்று வரும். ஆம்புக்கு அடியில் கெட்டியான ஸ்பான்ஜ் போட்ட பிறகு பெருமளவு அடங்கியது. பலகை மேடையில் யாராவது குதித்து ஆடினால் இதே கதை, இன்னும் மோசமாக.

ட்ரெமோலோ எனக்கு இரண்டாவது பிடித்தம். வால்வு ஒன்று நொடிக்குச் சில தடவை ஏறி இறங்கி ஒரு நியான் பல்பை மினுக்குகிறது. எதிரில் வெளிச்சத்துக்கு மசியும் ரெசிஸ்டர். வெளிச்சம் விழும்போது ஒலியின் ஒரு பகுதி கிரவுண்டுக்கு ஓடிவிடும், அவ்வளவுதான் தந்திரம். வேகத்தைப் பாதிக்குக் கீழே வைத்துக் கார்டு பிடித்தால் நேரம் போவதே தெரியாது.

குறைகளும் உண்டு. கிடாரைச் சொருக நார்மல், வைப்ரேட்டோ என்று இரண்டு சேனல் (வழி) உண்டு. ரிவெர்பும் ட்ரெமோலோவும் வைப்ரேட்டோ சேனலில் மட்டும்தான், நார்மல் சேனலுக்கு இல்லை. இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்து வாசிக்கலாம் என்றால், ஒன்றின் அலை மற்றதற்குத் தலைகீழ் (ஃபேஸ்), ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலி மெலிந்துவிடும். மிடில் குமிழ் கிடையாது. ஆம்புக்கு நடுவே பெடல் சொருகும் எஃபெக்ட்ஸ் லூப்பும் இல்லாததால், எதிரொலி தரும் டிலே பெடலை ஆம்புக்கு முன்னால்தான் போட வேண்டும்.

மேடைக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், முதல் காரணம் கரண்ட். நோம்பியில் ஜெனரேட்டர் 250 வோல்ட் காட்டினால், 230க்குச் செய்த ஆம்பில் 6.3 வோல்ட் போக வேண்டிய, வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.8 போகும். வால்வு ஆயுள் குறையும். இரண்டாவது, பந்தலில் நாதஸ்வர மைக்குக்கும் தவிலுக்கும் நடுவே இந்த ஸ்பிரிங் நுணுக்கத்தை எவரும் கேட்கப் போவதில்லை. அங்கே மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியை நேரே மிக்சரில் சொருகுவதே புத்திசாலித்தனம். நானும் அதைத்தான் செய்கிறேன். வீட்டில் ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறேன்.

சர்வீஸுக்குப் பல்லடம் பக்கம் வால்வு ரேடியோ காலத்துப் பெரியவர் ஒருவர் கிடைத்தார். சர்க்யூட் இருக்கும் சேசிஸைக் கழற்றியதும் அவர் முதலில் செய்தது, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் வைத்து வடித்ததுதான். "ஆஃப் பண்ணுனாலும் உள்ள கெடக்கும் கண்ணு, கைய வெச்சுராத." 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும் இடம், ஆர்வக்கோளாறில் திறக்க வேண்டாம்.

பழையது வாங்கப் போகிறவர்கள் ரிவெர்பை 4இல் வைத்துப் பெட்டியின் பக்கவாட்டில் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் கலகலக்க வேண்டும். சத்தமே வரவில்லை என்றால், விலை பேசும் முன் தட்டுக்குப் போகும் ஆர்சிஏ கேபிள்களை ஒருமுறை கழற்றி மாட்டச் சொல்லுங்கள், பாதி நேரம் அதுவாகத்தான் இருக்கும். ட்ரெமோலோ போட்டதும் 'டிக் டிக்' என்று கேட்டால் நியான் பல்பு பக்கம் வேலை இருக்கிறது. அதற்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேட்கலாம்.