வகுப்பறையில் ரிமோட் மைக்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு பெற்றோரின் பகிர்வு

எங்கள் மகளுக்கு இரு காதுகளிலும் செவித்திறன் குறைவு உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோதே காதுக் கருவிகள் அணியத் தொடங்கிய அவள், முதல் வகுப்பிலிருந்து அவற்றோடு இணைந்து இயங்கும் ரிமோட் மைக்கையும் பயன்படுத்தி வருகிறாள். காதுக் கருவிக்கு அடுத்தபடியாக அவளுடைய படிப்புக்கு மிகவும் உதவியது இதுவே என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் இதன் பயனில் பெரும்பகுதி, மைக்கை அணிந்திருக்கும் ஆசிரியரின் பழக்கத்தைச் சார்ந்தது.

காதுக் கருவி ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துப் பேச்சை நன்றாகத் தரும். அதற்கு அப்பால் நிலைமை வேறு. தடையற்ற வெளியில் தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. வகுப்பறையிலோ மின்விசிறியின் இரைச்சல், நாற்காலிகள் உரசும் ஓசை, சுவர்களின் எதிரொலி ஆகியவையும் சேர்ந்துகொள்ள, கருவி இவை எல்லாவற்றையும் பேச்சோடு சேர்த்தே பெருக்கிக் கொடுக்கிறது. செவித்திறன் குறைந்த குழந்தைக்குப் பேச்சு தெளிவாக விளங்க, அது சுற்றியுள்ள இரைச்சலைவிட 15 டெசிபல் அளவுக்கு ஓங்கியிருக்க வேண்டும் என்பார்கள். ஆசிரியரின் வாய்க்குச் சுமார் 15 சென்டிமீட்டர் கீழே பொருத்தப்படும் மைக், அவர் குரலைக் கம்பியின்றி நேராகக் கருவிக்கு அனுப்பிவிடுவதால், அவர் கரும்பலகையருகே நின்றாலும் பக்கத்தில் நின்று பேசுவதுபோலவே கேட்கிறது.

முதலில் மாற்றம் தெரிந்தது சொல்வதெழுதுதலில்தான். ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுவது கடைசி மெய் மட்டுமே. ‘மரத்தில்’, ‘மரத்தின்’ என்பவையும் அப்படியே. பேச்சில் மெலிந்து ஒலிக்கும் இந்த ஈற்றெழுத்துகள்தாம் தூரத்தில் முதலில் கரைந்துபோகின்றன. அவள் எழுத்தில் வேற்றுமை உருபுகள் விடுபட்டதை இலக்கணம் புரியாமை என்று கருதியவர்கள் இருந்தார்கள். கேட்காத ஒன்றை எந்தக் குழந்தையால் எழுத முடியும்? அடுத்ததாக, மாலையில் அவளிடம் தெரிந்த சோர்வு குறைந்தது. நாள் முழுவதும் காதைக் கூர்மையாக்கி, விடுபட்டதை ஊகித்து நிரப்பிக்கொண்டிருப்பது கடும் உழைப்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கவனமின்மைபோலத் தோன்றிவிடுகிறது.

இந்தக் கருவியின் பெரிய குறை, மைக் அணிந்தவரின் குரலை மட்டுமே தெளிவாகத் தருவதாகும். வகுப்பில் கற்பதில் பாதி, சக மாணவர்களின் கேள்வியிலும் பதிலிலும் இருக்கிறது. மாணவர் சொன்ன பதிலைத் தாமே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு மேலே செல்லும் ஆசிரியரிடம் அவள் படித்த ஆண்டே சிறந்த ஆண்டு. மைக்கைக் கைமாற்றிக் கொடுத்துப் பேசவைப்பதும் நல்ல வழி. அது ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாத ஒழுங்கையும் தருகிறது. மியூட் பொத்தானை இரு பக்கமும் நினைவில் வைக்க வேண்டும்: வேறொரு மாணவரிடம் தனியாகப் பேசும்போது அணைக்காவிட்டால் அந்தப் பேச்சு முழுவதும் அவள் காதில் விழும், அணைத்தபின் மறந்துவிட்டால் பாடம் மைக் வழியே வராது, அவளும் பல வேளைகளில் கூச்சத்தால் சொல்வதில்லை. குழு வேலைக்கு மைக்கை மேசை நடுவில் வைத்துப் பார்த்திருக்கிறோம். நான்கைந்து பேர் நெருங்கி உட்கார்ந்தால் ஓரளவு உதவுகிறது. அறை இரைச்சலாக இருந்தால் உதவுவதில்லை.

காலையில் லிங் ஆறொலிச் சோதனையைச் செய்கிறோம். வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் ஆகியவற்றை முறை மாற்றிச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்கிறாள். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சின் பரப்பை இந்த ஆறும் தொட்டுவிடுவதால், ‘ஸ்’ தவறினால் காது அச்சில் (கருவியின் ஒலியைக் காதுக்குள் செலுத்தும், காதின் அளவுக்கு வார்க்கப்பட்ட பகுதி) அழுக்கோ ஈரமோ அடைத்திருக்கிறதா என்று உடனே பார்த்துவிடலாம். முதலில் கருவியோடு மட்டும், பிறகு மைக்கோடு என இருமுறை செய்வதால் கோளாறு எதில் என்பதும் தெரிந்துவிடும்.

மைக் வந்துவிட்டதால் மற்ற உதவிகளை நிறுத்தவில்லை. முன்வரிசை இடம், பலகையில் எழுதப்படும் புதிய சொற்கள், காணொளிகளுக்கு வசன வரிகள் ஆகியவை தொடர்கின்றன. குளிக்கும்போதும் உறங்கும் முன்பும் கருவிகள் கழற்றப்பட்டிருக்கும். அந்த நேரத்துக்கு வீட்டில் எல்லோரும் சைகை மொழி பழகிவருகிறோம்.

வாங்க எண்ணுபவர்கள், தங்கள் குழந்தையின் காதுக் கருவி எந்த மைக்கோடு இணையும் என்பதைச் செவித்திறன் வல்லுநரிடம் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். முடிந்தால், சோதனை முறையில் பெற்று வகுப்பறையிலேயே பயன்படுத்திப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். அமைதியான ஆலோசனை அறையில் எல்லா மைக்குகளும் நன்றாகவே கேட்கும்.